நிதானம் வேறு, மந்தம் வேறு

மாலை ஐந்தரைக்குப் படகைக் கட்டிவிட்டார்கள். முன்கயிறு ஒரு தென்னையில், பின்கயிறு கரைக்கல்லில். ஆலப்புழையில் பகல் பன்னிரண்டுக்கு ஏறியிருந்தோம். மறுநாள் காலை ஒன்பதுக்கு இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. மொத்தம் 21 மணி நேரம். படகு ஓடிய நேரத்தை மட்டும் நோட்டில் குறித்துவந்தேன். சாப்பாட்டுக்காக நிறுத்திய ஒரு மணி நேரம் போக, முதல் நாள் நாலரை மணி. மறுநாள் காலை முக்கால் மணி. மிச்சமுள்ள நேரம், பதினாறு மணிக்குச் சற்றுக் குறைவு, நாங்கள் இருந்தது கரையோரம் நிற்கும் ஓர் அறை. அறைக்கு அடியில் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான்.

இதைக் குறையென்று எடுத்த எடுப்பில் எழுதிவிட முடியாது. சுற்றுலாப் படகுகள் ஐந்தரையோடு நின்றுவிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு நியாயமான காரணம் உண்டு. பொழுது சாய்ந்தால் காயல் மீனவர்களுடையது. வலை விரித்த இடத்தில் விசைப்படகு ஓடினால் வலை அறுபடும். யோசித்தால், அந்தப் பயணம் முழுவதிலும் வேம்பநாட்டுக் காயலின் வாழ்க்கைக்கு எங்கள் படகு கட்டுப்பட்டது அந்த ஒரு தருணத்தில்தான். மற்ற நேரமெல்லாம் அது கட்டணப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டிருந்தது.

நீர்வழிச் சுற்றுலா பற்றிய எழுத்துகளில் 'மெதுவாக' என்ற சொல் கேள்வி கேட்காமல் வழங்கப்படும் நற்சான்றிதழாகிவிட்டது. படகு மெதுவாகப் போகிறது, ஆகவே ஆழமாகப் பார்க்கிறோம் என்கிறார்கள். முன்பாதி உண்மை, பின்பாதி அதிலிருந்து தானாக விளைவதில்லை. தமிழ் இந்த விஷயத்தில் கறாரான மொழி. வேண்டாத இடத்தில் வரும் மெதுவு தாமதம். எதற்கென்று தெரியாத மெதுவு மந்தம். அவசரமில்லாதவனின் வசதி சாவகாசம். நிதானம் இவை மூன்றிலும் சேராது. அதில் அளவும் இருக்கிறது, தெளிவும் இருக்கிறது. போதை தெளிந்தவனை 'நிதானத்துக்கு வந்துவிட்டான்' என்று சொல்வது அதனால்தான். நீர்வழிச் சுற்றுலா பேசுவது நிதானத்தை, விற்பது சாவகாசத்தை. பல வேளைகளில் பயணிக்குக் கிடைப்பது மந்தம்.

ஆகவே அளவுகோலை முதலில் சொல்லிவிடுகிறேன். உடன்படாதவர்கள் இங்கேயே மறுக்கலாம். ஒரு நீர்வழிப் பயணத்தின் மெதுவுக்குக் காரணம் எங்கிருந்து வருகிறது என்பதே என் முதல் கேள்வி. காற்றிலிருந்தா, நீரோட்டத்திலிருந்தா, கடலின் ஏற்ற இறக்கத்திலிருந்தா, படகு செய்யும் வேலையிலிருந்தா? அல்லது ஒரு நாள் வாடகையை ஒரு நாளாகவே காட்ட வேண்டிய கட்டாயத்திலிருந்தா? இரண்டாவது கேள்வி, அந்த மெதுவால் வேகத்தில் தென்படாத ஏதாவது தென்பட்டதா என்பது. மூன்றாவது வடிவம் பற்றியது: ஓட்டம், நிறுத்தம், சாப்பாடு, இரவு, சன்னல் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தி ஓர் ஒருமையைத் தருகின்றனவா? இயற்கையின் அழகை மதிப்பெண்ணில் சேர்க்கவில்லை. கம்பன் மகாகவி என்பதால் கம்பனைப் பற்றிய மோசமான சொற்பொழிவு நல்ல சொற்பொழிவாகிவிடாது.

நாங்கள் ஏறியிருந்த படகு வீடான கெட்டுவள்ளத்திலிருந்து தொடங்கலாம். அதன் உடலைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பே இல்லை. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியில்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துச் செய்வது. 'கெட்டு' என்ற பெயரே அந்தக் கட்டிலிருந்துதான். முன்மூக்கின் உட்புறம் குனிந்து பார்த்தேன். இரண்டு பலகை சேரும் விளிம்பில் நார்த் திரி வைத்து, அதன்மேல் கயிறு குறுக்கும் நெடுக்குமாக இறங்கி ஏறுகிறது. மேலே முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிப் பூசித் தையலும் மரமும் ஒரே கறுப்பாகிவிட்டன. விரலால் தடவினால்தான் கயிறு எங்கே, பலகை எங்கே என்று தெரிகிறது. 30 டன் வரை நெல் சுமந்த வள்ளம் இது. சாலைகளும் லாரிகளும் அதன் வேலையைப் பறித்தன. 1990-களின் தொடக்கத்தில் அதன்மேல் மூங்கிலும் பாயும் வேய்ந்து படுக்கையறை கட்டினார்கள். இது கற்பனை வளமுள்ள மீட்பு. செத்துக்கொண்டிருந்த ஒரு தச்சு மரபுக்குச் சோறு கிடைத்தது. இதை மறந்துவிட்டுப் படகு வீடுகளைத் திட்டுகிறவர்கள் பாதிதான் பார்த்தவர்கள்.

ஆனால் மீட்கப்பட்டது உடல்தான், நடை இல்லை. நெல் வள்ளம் கழி ஊன்றி, ஆழம் தெரிந்து, காற்றுப் பார்த்துப் போனது. அதன் மெதுவுக்குச் சுமை காரணம். இன்றைய படகு வீடு டீசல் எஞ்சினால் ஓடுகிறது. எஞ்சினுக்கு இதைவிட வேகமாகப் போகத் தெரியும். போனால் காயல் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே மெல்லப் போகிறது, ஒரு வட்டம் அடிக்கிறது, புறப்பட்ட புன்னமடைக்கே திரும்புகிறது. எங்கும் போய்ச் சேராத பயணம் இழிவானது இல்லை. கோயில் பிரகாரத்தை வலம் வருகிறவரும் எங்கும் போய்ச் சேருவதில்லை. அந்த வட்டத்துக்கு ஒரு மையம் உண்டு. இதற்கு இல்லை.

மையமாக வைக்க ஆலப்புழையில் ஆளில்லாமலும் இல்லை, பொருளில்லாமலும் இல்லை. குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. படகின் முன்திண்ணையில் உட்கார்ந்தால் வரப்புக்கு அப்பால் வயல் நமக்குக் கீழே கிடக்கிறது. தண்ணீர் மேலே, நிலம் கீழே. உழவன் தலை நம் முழங்கால் உயரத்தில் தெரியும் இந்தக் காட்சியை ரயிலோ காரோ காட்ட முடியாது. இரண்டாவது அளவுகோலுக்கு இதைவிடச் சிறந்த விடை வேண்டுமா? ஆனால் அந்த வயலிலிருந்து நீரை இறைத்துக் காயலில் தள்ளும் 'பெட்டியும் பறையும்' என்ற அமைப்பின் முன்னால் எங்கள் படகு நிற்கவில்லை. உலகப்போர்க்கால அரிசிப் பஞ்சத்தின்போது காயலை வளைத்து எடுத்த சித்திரை, மார்த்தாண்டம், ராணி நிலங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1970-களில் உப்புநீரைத் தடுக்கக் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணையால் நெல்லுக்கு என்ன நன்மை, மீனுக்கும் கக்காய்ச் சிப்பிக்கும் என்ன கேடு என்ற வழக்கு இன்றும் அங்கே டீக்கடைப் பேச்சு. படகில் பேசப்பட்டது கரிமீன் பொரிப்பதா பொள்ளிப்பதா என்பது. கரிமீன் அருமையாக இருந்தது. சமையற்காரருக்கு முழு மதிப்பெண்.

இரவு ஒன்பதுக்கு ஏசி போடுவார்கள், காலை ஆறுக்கு அணைப்பார்கள். அதற்காக ஓடும் ஜெனரேட்டர் எங்களுடையது நின்றாலும் பக்கத்துப் படகினுடையது நிற்காது. 2002-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய ஈரநிலத்தின் நடுவில், தவளைச் சத்தம் கேட்காத ஓர் இரவைச் சாதிப்பது எளிதில்லை. அதைச் சாதித்திருந்தார்கள். இப்போது இரண்டு மாடி, கண்ணாடிச் சுவர், கூட்ட அரங்கு வைத்த படகுகளும் வந்துவிட்டன. அவற்றைப் பற்றித் தனியே எழுத ஒன்றுமில்லை.

நைல் நதியில் இந்தக் கலை பழையது. அதனால் அளவுகோலையும் கடுமையாகவே பிடிக்க வேண்டும். இயற்கையே பயணத்துக்கென்று வகுத்த நதி அது. நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே. காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே. போகும்போது பாய், வரும்போது ஓட்டம். பண்டை எகிப்தியர் தம் சித்திர எழுத்தில் 'தெற்கே போதல்' என்பதற்குப் பாய் விரித்த படகையும், 'வடக்கே போதல்' என்பதற்குப் பாய் இல்லாத படகையும் குறியாக வைத்தார்கள். ஒரு நதியின் நடை அந்த மொழியின் எழுத்துக்குள் ஏறியிருக்கிறது. காரணமுள்ள மெதுவு என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.

1873-74 குளிர்காலத்தில் அமெலியா எட்வர்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர் தஹபியா என்ற பாய்ப்படகில் இந்த நதியில் போனார். தாமஸ் குக் தன் முதல் குழுவை 1869-ல் எகிப்துக்கு அழைத்து வந்தாயிற்று. நீராவிப் படகும் அட்டவணையும் வந்தாயிற்று. எட்வர்ட்ஸ் காற்றுக்குக் காத்திருக்கும் படகையே எடுத்தார். அபு சிம்பெலில் இரண்டு வாரத்துக்கும் மேல் தங்கினார்கள். அங்கே பெருஞ்சிலை ஒன்றின் முகத்தில், முன்பு யாரோ அச்செடுத்தபோது ஒட்டிய வெள்ளைச் சாந்து திட்டுத்திட்டாக இருந்தது. படகாட்களைச் சாரம் கட்டச் சொல்லி, சாந்தைச் சுரண்டி எடுத்து, போகாத வெண்மைக்குக் கெட்டியான காப்பி டிகாக்ஷனைப் பூசிக் கல்லின் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி இது குற்றம். ஆனாலும் அப்படிச் செய்ய ஒரு முகத்தை எத்தனை நாள் பார்த்திருக்க வேண்டும்! பயண நூல் 1877-ல் வந்தது. எகிப்தின் தொல்சின்னங்களைக் காக்க ஒரு நிதியமைப்பை 1882-ல் நிறுவியதிலும் அவருக்கே முதன்மைப் பங்கு. மெதுப்பயணம் சாதித்தது என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இன்றைய லக்ஸர்–அஸ்வான் கப்பல் அந்த மரபின் வாரிசு என்று சொல்லிக்கொள்கிறது. நான் போனது நான்கு மாடிக் கப்பல். சுமார் 200 கிலோமீட்டர், மூன்று இரவு. அதன் நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன்: கோயில்களைத் தேர்ந்த வரிசையில் குறை இல்லை. எட்ஃபுவில் ஹோரஸ் கோயிலின் முழுமையைப் பார்த்த பிறகு கோம் ஓம்போவில் பாதி சரிந்த இரட்டைக் கோயிலைப் பார்ப்பது நல்ல பாட வரிசை. ஒன்றில் கூரை என்ன செய்கிறது என்று கற்று, மற்றதில் கூரை போனால் என்ன ஆகிறது என்று பார்க்கிறோம். இது ஒத்திசைவு.

குறை, அந்த வரிசையை எல்லாக் கப்பலும் ஒரே மணிக்குப் படிப்பது. எட்ஃபுவில் விடிந்ததும் குதிரை வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. துறையிலோ கப்பல்கள் கரையிலிருந்து ஆற்றுக்குள் ஒன்றோடொன்று ஒட்டி அணிவகுக்கின்றன; ஐந்தாவது கப்பல்காரர் கரையேற நான்கு கப்பல்களின் வரவேற்பறை வழியே நடக்க வேண்டும். லக்ஸரில் காலையில் திரையை விலக்கினேன். மூன்றடி தள்ளி இன்னொரு சன்னல். அதில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். இருவரும் திரையை மூடிக்கொண்டோம். நைலைப் பார்க்கக் கொடுத்த பணத்தில் பாதி நேரம் பார்ப்பது அண்டை வீட்டை.

அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் அட்டவணையில் இல்லாத மணி நேரம். எஸ்னா தடுப்பணையின் மதகுப் பூட்டில் முறை வருவதற்காகக் கப்பல் காத்திருந்தது. சின்னத் துடுப்புப் படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொண்டு, மேசைவிரிப்பையும் நீள அங்கியையும் பாலிதீன் பையில் சுருட்டி மேல்தளத்துக்கு வீசினார்கள். நாலு மாடி உயரம். ஒருவர் வீச்சும் தப்பவில்லை. பிடித்தால் அதே பையில் பணத்தைப் போட்டுக் கீழே எறியலாம். வேண்டாமென்றால் துணியையே திருப்பி எறியலாம். பேரம், வசவு, சிரிப்பு எல்லாம் செங்குத்தாக நடந்தன. நதியின் உயரம் மாறும் இடத்தில் கப்பல் நின்றாக வேண்டும் என்ற ஒரு தேவை, அத்தனை உயிரைக் கொண்டுவந்தது. வழிகாட்டி அதற்கு மன்னிப்புக் கேட்டார், தாமதம் என்று.

எஸ்னாவுக்கும் அஸ்வானுக்கும் இடையே இன்றும் தஹபியாக்கள் ஓடுகின்றன. பெரிய கப்பல்கள் நிற்காத சில்சிலா கல்குவாரியில் அவை நிற்கின்றன. கோயில்கள் எந்தப் பாறையிலிருந்து பிறந்தனவோ அந்தப் பாறையைக் காட்டுவது பெரிய கப்பலால் முடியாத காரியம். காற்று விழுந்த நாளில் இழுவைப் படகு ஒன்று முன்னால் வந்து கயிறு கட்டி இழுக்கும்; எட்வர்ட்ஸ் காலத்துத் தூய்மையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். விலையும் பெரிய கப்பலைவிட அதிகம். ஆனால் முறைமை சரியாக இருக்கிறது.

ஹா லாங் விரிகுடாவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே இயற்கை விமர்சகனை விலைக்கு வாங்கிவிடும். வியட்நாமின் வடகிழக்குக் கரையில் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் சுமார் 1,600. பனியுகத்துக்குப் பின் கடல் உயர்ந்து மூழ்கடித்த மலைநாட்டின் உச்சிகள். 1994-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அழகுக்காக இடம்பெற்றது. 2000-ல் நிலவியல் மதிப்புக்காக மறுபடி. 2023-ல் காட் பா தீவுக்கூட்டமும் சேர்ந்தது. இத்தனையும் விரிகுடாவின் தகுதி. படகின் தகுதி வேறு கணக்கு.

அந்தக் கணக்கில் படகுக்கு ஒரு பெரிய வரவு உண்டு: நங்கூர இரவு. ஆலப்புழையில் கரையில் கட்டுவார்கள், நைலில் துறையில் ஒட்டுவார்கள். இங்கே தீவுகளின் நடுவில் நீரிலேயே நிற்கிறார்கள். விடியலில் மூடுபனி இறங்கும்போது முதலில் தூரத்துத் தீவு அழிகிறது, பிறகு கிட்டத்துத் தீவு, கடைசியில் பக்கத்துப் படகின் விளக்கு. அரை மணியில் அதே வரிசை தலைகீழாகத் திரும்புகிறது. நிற்பதால் மட்டுமே கிடைக்கும் காட்சி இது. நிற்பதற்கு இங்கே பொருள் இருக்கிறது.

பற்று வரிசை நீளம். பாய்மரம் அலங்காரம், எஞ்சின்தான் ஓட்டுகிறது. மரத்தின் பழுப்பில் இருந்த படகுகளை 2012-ல் குவாங் நின் மாகாணம் வெள்ளையடிக்கச் சொன்னது. ஒரே உத்தரவில் விரிகுடா ஒரு மருத்துவமனை வளாகம்போல ஆயிற்று என்று புலம்பியவர்கள் உண்டு, அவர்கள் மிகைப்படுத்தவில்லை. வழித்தடத்தை நிர்வாகம் வகுக்கிறது. ஆகவே சுங் சோட் குகை, டிடோவ் தீவின் படிக்கட்டு, சிறுதுடுப்புப் படகு, இரவில் கணவாய் பிடித்தல், காலையில் தாய்-சி என்ற அதே பாராயணத்தை எல்லாரும் ஓதுகிறார்கள். மிதக்கும் மீனவ ஊர்களின் மக்களை 2014-ல் கரையில் குடியேற்றினார்கள். குழந்தைகளின் படிப்பு, மருத்துவம், நீர்த் தூய்மை என்று சொல்லப்பட்ட காரணங்கள் பொய்யானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் இல்லாத ஊரைப் பயணத் திட்டத்தில் 'மீனவ கிராமம்' என்று வைத்திருப்பது பொருட்காட்சி வேலை.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது வேறொன்று. டோங்கின் வளைகுடாவில் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். வித்தியாசம் மூன்று நான்கு மீட்டர் வரை போகும். இறக்கத்தில் ஒவ்வொரு தீவின் அடியிலும் கடல் அரித்த பள்ளம் இடுப்புப் பட்டைபோலத் தெரிகிறது. சிப்பிகள் ஒட்டிய கறுப்பு விளிம்பு, அதன்மேல் ஈரம் காயாத சாம்பல். தாழ்ந்த குகை வாய்கள் திறப்பதும் மூடுவதும் இதைப் பொறுத்தே. பக்கத்து பாக் டாங் ஆற்றில் இந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் 938-லும் 1288-லும் வியட்நாமியர் ஆற்றுப்படுகையில் கூர்முனைக் கழிகளை நட்டார்கள்; நீர் வடிந்ததும் பகைவரின் கப்பல்கள் அவற்றில் சிக்கின. அதாவது இந்த நீருக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது, அந்தக் கடிகாரத்தின்மேல் ஒரு நாட்டின் வரலாறே நடந்திருக்கிறது. நான் ஏறிய படகின் அட்டவணை எந்த நாளிலும் ஒன்றுதான். ஏற்றமோ இறக்கமோ, குகைக்கு மூன்று மணி. விரிகுடாவின் பெயருக்குக் காரணமான, டிராகன் இறங்கி வந்த கதையை மட்டும் இருமுறை சொன்னார்கள்.

பாதுகாப்பைத் தனி அளவுகோலாக வைக்க எனக்கு விருப்பமில்லை. அது அளவுகோல்களுக்கு முந்திய நிபந்தனை. 2011 பிப்ரவரியில் ஹா லாங்கில் நங்கூரமிட்டிருந்த படகு விடியுமுன் மூழ்கி, உறங்கிக்கொண்டிருந்த 12 பேர் இறந்தார்கள். 2025 ஜூலையில் திடீர்ப் புயல்மழையில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெதுவாகப் போவது பத்திரமாகப் போவது என்ற எண்ணம் பயணிகளிடம் எப்படியோ படிந்துவிட்டது. தண்ணீர் அப்படி எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளவில்லை.

வேலைக்காக ஓடும் படகுகளின் தரப்பில் உரைகல்லாக நார்வேயை வைக்கிறேன். பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை, விரிகுடாக்களையும் கடற்கால்வாய்களையும் தொட்டுக்கொண்டு, 34 துறைகளில் நின்று போகும் கடலோரக் கப்பல் சேவை 1893-ல் தொடங்கியது. அதன் பெயர் ஹுர்டிகுரூட்டன். பொருள், 'விரைவு வழி'. இன்று மெதுப்பயணத்தின் முடிமணி என்று கொண்டாடப்படுவது விரைவுக்காகப் பிறந்தது என்ற முரணை யாரும் வேண்டுமென்று அமைத்திருக்க முடியாது. 2011-ல் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி இந்தப் பயணத்தை 134 மணி நேரம் இடைவிடாமல் நேரலையாகக் காட்டியது. அதிலிருந்து சில மணி நேரம் பிறகு பார்த்தேன். கரை நகர்கிறது, கப்பல் துறைக்கு வருகிறது, யாரோ சரக்கு இறக்குகிறார்கள், கப்பல் புறப்படுகிறது. சலிப்பு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. சில துறைகளில் கால் மணி நேர நிறுத்தம்தான், அதுவும் நள்ளிரவில். ஆனால் நிற்க ஒரு காரணம் இருப்பதால் பார்க்கவும் ஒரு காரணம் இருக்கிறது. வடிவத்தில் ஒரு நுட்பமும் உண்டு: வடக்கே போகும்போது இரவில் கடந்த துறைகளைத் தெற்கே திரும்பும்போது பகலில் காணும்படி அட்டவணை அமைந்திருக்கிறது. திரும்பி வருதல் மீண்டும் அதையே பார்ப்பதாகாமல் விட்டதை நிரப்புவதாகிறது. வட்டப் பயணம் அமைக்கிறவர்கள் பாடம் கேட்க வேண்டிய இடம் இது. குறை: விலை. கூடவே, பயணிகளில் உள்ளூர்க்காரரின் விகிதம் குறையக் குறைய அதுவும் உல்லாசக் கப்பலின் பாவனைகளைப் பழகிக்கொண்டு வருகிறது.

நார்வே வரை போக வேண்டாதவர்களுக்கு ஆலப்புழையிலேயே விடை இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள படகுத் துறையில், மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு கோட்டயம் பக்கம் போகும். சுமார் இரண்டரை மணி நேரம். கட்டணம் பேருந்துக் கட்டணம்போல. நம் துறைமுகங்களில் சாரங்கு என்பார்களே, அவர் அங்கே ஸ்ராங்க். முன்னால் சக்கரம் பிடிக்கிறார். எஞ்சின்காரர் பின்னால் பள்ளத்தில். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. மணிச் சத்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் போன அன்று ஒரு சின்னத் துறையை விட்டு விலகும்போது வரப்பில் ஒருவர் குடையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். மணி அடித்தது, படகு பின்வாங்கியது, அவர் ஏறினார், இரண்டு பேர் திட்டினார்கள், மறுபடி மணி. படகு வீட்டிலிருந்து நான் பார்த்த அதே வாய்க்கால், அதே தாழ்ந்த வயல். ஆனால் இப்போது ஒவ்வொரு வீட்டுப் படித்துறையும் யாரோ இறங்கும் இடமாக இருந்தது. கக்கா அள்ளும் தோணிகளுக்கு வழிவிட்டுப் படகு விலகியபோது அது இங்கிதமாகப் படவில்லை, சாலை விதியாகப் பட்டது.

இந்தப் படகை இலட்சியமாக்கவும் மாட்டேன். எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது, இருக்கை பலகை, மழைக்குத் திரையை இறக்கினால் காயல் காணாமல் போகும். 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன இதே துறையின் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அதற்கும் முன்னால் 1924-ல் மலையாள மகாகவி குமாரன் ஆசானை இந்த நீர்வழித் தொடர்தான் பல்லனையில் படகோடு விழுங்கியது. 2017 முதல் வைக்கம்–தவணக்கடவு இடையே ஓடும் சூரியசக்திப் படகு சத்தம் என்ற குறையைத் தீர்க்கலாம் என்று காட்டிவிட்டது. நீண்ட வழித்தடங்களுக்கு அது வரட்டும்.

தீர்ப்புக்கு வருகிறேன். முதலிடம், வேலை இருப்பதால் மெதுவாகப் போகும் படகுகளுக்கு: நார்வேயின் கடலோரக் கப்பல், ஆலப்புழையின் அரசுப் படகு. இவ்விரண்டில் வடிவ நுட்பத்தால் முன்னது மேல், சிக்கனத்தாலும் நெருக்கத்தாலும் பின்னது மேல், பிரிக்க மனமில்லை. அடுத்து தஹபியா, இழுவைக் கயிற்றை மன்னித்து. லக்ஸரின் அடுக்குமாடிக் கப்பலை, கோயில் வரிசைக்காக மட்டும், பாடப்புத்தகமாக ஏற்கலாம். பயணமாக ஏற்க முடியாது. கெட்டுவள்ளத்தை நிராகரிக்கக் கை வரவில்லை, கயிற்றுத் தையலைத் தொட்ட கை அது. ஏசியை அணைத்து, சின்ன வாய்க்காலில் கழி ஊன்றிப் போய், பெட்டியும் பறையும் இறைக்கும் வரப்பில் நிறுத்தும் ஒரு படகுக்காரர் கிடைத்தால் அந்தப் படகு தஹபியாவுக்குச் சமம். இன்றிருக்கும் ஏற்பாட்டில் அது நல்ல சாப்பாடு போடும் நல்ல மரவேலை. ஹா லாங்கை எங்கே வைப்பது என்பதில்தான் நெடுநேரம் தயங்கினேன். ஓர் இரவுப் பயணமென்றால் கெட்டுவள்ளத்துக்கும் கீழே. இரண்டு இரவு எடுத்து, கூட்டம் குறைந்த பாய் து லாங் பக்கம் போய், புறப்படுமுன் அன்றைய ஏற்ற இறக்க நேரத்தைக் கேட்டு அதற்கேற்பக் குகைக்கு அழைத்துப்போகும் படகு என்றால் தஹபியாவுக்கு அடுத்து.